அட்வான்ஸ்டு, அப்புறம் புரொசீட்

கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்துவிடும். யாராவது போன் செய்து "நெட் வருது, ஆனா எந்த சைட்டும் ஓப்பன் ஆகல, என்னமோ செக்யூரிட்டின்னு சிவப்பா வருது" என்றால், வைரஸா வைஃபையா என்றெல்லாம் யோசிக்க மாட்டேன். "கீழே வலது மூலையில என்ன தேதி காட்டுது, பாருங்க" என்பேன். முக்கால்வாசி நேரம் ஏதோ ஒரு பழைய வருஷத்தின் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பதிலாக வரும்.

மதர்போர்டில் வட்டமாக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பெயர். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பழைய வருஷத்துக்கே போய்விடும். எங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. முதுநகர் பக்கம் சில கடைகளில் கேபினெட்டைக் கழற்றினால் பேட்டரி உட்காரும் தகடே பச்சை பூத்துக் கிடக்கும்.

தான் அசல்தான் என்று காட்ட ஒவ்வொரு இணையதளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அதற்கு இத்தனை தேதியிலிருந்து இத்தனை தேதி வரை செல்லும் என்று ஒரு கணக்கு உண்டு. பத்து வருஷம் பின்னால் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்று உள்ள சான்றிதழ்கள் எல்லாமே இனிமேல்தான் தொடங்க வேண்டியவை. அதனால் அது எதையும் நம்பாது.

2013 வாக்கில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இதே கதை. விண்டோஸ் எக்ஸ்பி மிஷின், அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அப்போது அரசுத் தளங்கள் பலவும் அதில் திறந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நான் மானிட்டர் கேபிளைப் பார்க்கக் குனிந்திருந்தேன். கல்லாவில் இருந்த பெண் யாருக்கோ ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக் கேடயம் போட்ட பக்கம் வந்தது. "இந்த இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் பிரச்சினை இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. கீழே இரண்டு வழி. பக்கத்தை மூடு என்பது பச்சையில், தொடர்ந்து போ என்பது சிவப்பில், பரிந்துரைக்கவில்லை என்ற குறிப்போடு. நான் நிமிர்ந்து முதல் வரியை முடிப்பதற்குள் மவுஸ் சிவப்பில் கிளிக் ஆகிவிட்டது.

"என்னம்மா அது?"

"அது எப்பவும் வர்றதுண்ணா. ரெண்டாவதை அமுக்கினா போயிடும்."

பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தேன். அடுத்த முறை அந்தச் சிவப்புப் பக்கம் வரவில்லை. அவர் அதைக் கவனித்தது மாதிரிகூடத் தெரியவில்லை.

பிரவுசர்களின் சான்றிதழ் ஓட்டைகளைப் பற்றிப் பல வருஷமாக ஆசையோடு படித்து வருகிறேன். அந்தப் படிப்பும் கடைகளில் நான் பார்ப்பதும் சேர்ந்து எனக்குள் ஒரு அபிப்பிராயத்தை உண்டாக்கியிருக்கின்றன. பிரவுசர் ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால், அது எவ்வளவு பெரிய ஓட்டையாக இருந்தாலும் சில நாளில், மிஞ்சினால் சில மாதத்தில் அடைத்துவிடுகிறார்கள். பிரவுசர் கேட்கும் கேள்வியை மனிதர்கள் தாண்டிப் போகப் பழகிவிட்டால் அதை அடைக்க அப்டேட் கிடையாது. அப்படிப் பழக்கிவிட்டது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பெண் போன்றவர்கள் இல்லை.

முதலில் பிரவுசர் என்ன கேள்வி கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பச்சை மை என்றால் எல்லோருக்கும் தெரியும். மார்க் ஷீட் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கெசட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்ற தலைமுறை நாங்கள். அந்த ஜெராக்ஸை வாங்கிப் பார்க்கும் குமாஸ்தா என்ன பார்ப்பார்? பெயர் சரியா, கையெழுத்தும் முத்திரையும் அசலா, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா, கொண்டு வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தானா. பிரவுசரும் இதையேதான் செய்கிறது, ஒரு தளத்தைத் திறக்கும்போதெல்லாம், கண் சிமிட்டும் நேரத்தில். யாருடைய கையெழுத்தை நம்பலாம் என்று ஒரு பட்டியல் பிரவுசரிலோ விண்டோஸிலோ முன்கூட்டியே இருக்கும். மூலச் சான்றிதழ்கள் என்பது இவற்றைத்தான். பட்டியலில் உள்ளவர் தன் கீழே இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். அவர் நம் வங்கித் தளத்துக்குச் சான்றிதழ் கொடுக்கலாம். இப்படி ஒரு சங்கிலி.

சரித்திரத்தில் பேர்போன ஓட்டைகளை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்விகளில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

2002-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் வெளியே சொன்னது இது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சங்கிலியைச் சரிபார்க்கிறது. கையெழுத்துகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஆனால் நடுவில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பார்க்கவில்லை. அதாவது ஜெராக்ஸில் அட்டெஸ்டேஷன் வாங்கப் போன பையனே, வாங்கி வந்த கையோடு தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், குமாஸ்தா வாங்கிக்கொள்வார். உங்கள் சொந்தத் தளத்துக்கு முறைப்படி ஒரு சான்றிதழ் வாங்குங்கள். அதை வைத்து எந்த வங்கியின் பெயருக்கும் நீங்களே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ப்ளோரர் வாயைத் திறக்காது. அதிகாரம் உண்டா இல்லையா என்று சொல்லும் கட்டம் சான்றிதழிலேயே இருக்கிறது. அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது. இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம், ஒன்பது வருஷம் கழித்து, 2011 ஜூலையில், ஆப்பிள் ஐபோனுக்கு ஒரு அவசர அப்டேட் விட வேண்டியிருந்தது. காரணம் அதே ஓட்டை, அதே கட்டம். ஒருவர் விழுந்த பள்ளத்தில் இன்னொருவர் விழுவது எல்லாத் தொழிலிலும் உண்டுதான். ஆனால் இது பள்ளம் என்று பெரிய பலகை வைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

2009-இல் அதே மார்லின்ஸ்பைக்கும், தனியாக டான் காமின்ஸ்கி என்ற இன்னொரு ஆராய்ச்சியாளரும் சொன்னது இன்னும் ரசமானது. சான்றிதழில் பெயர் எழுதும் முறையில், இத்தனை எழுத்து என்று நீளத்தை முதலில் சொல்லிவிட்டுப் பெயரை எழுதுவார்கள். சி மொழியில் எழுதிய நிரல்களோ பூஜ்ய எழுத்து ஒன்று வந்தால் பெயர் அங்கே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் தன் சொந்தத் தளப் பெயருக்கு முன்னால் பேபால் டாட் காம் என்று எழுதி, நடுவில் அந்தப் பூஜ்ய எழுத்தை வைத்துச் சான்றிதழ் கேட்கிறார். கொடுக்கும் நிறுவனம் பெயரின் வால் பகுதியைப் பார்க்கிறது. அந்தத் தளம் அவருடையதுதான், கொடுத்துவிடுகிறது. பிரவுசர் தலைப் பகுதியைப் படிக்கிறது. பூஜ்யம் வந்ததும் நின்றுவிடுகிறது. பேபால் டாட் காம், சரி, உள்ளே வா. ஒரே தாளை இரண்டு பேர் படிக்கிறார்கள், இரண்டு பெயர் தெரிகிறது. இரண்டு பேர் சொன்னதும் அவரவர் கணக்கில் சரி. ஃபயர்ஃபாக்ஸ் சில நாளில் சரிசெய்தது. விண்டோஸுக்கு அக்டோபர் வரை ஆனது.

2014 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு நேர்ந்தது இவை எல்லாவற்றையும் விடச் சின்னது. சி மொழி எழுதத் தெரிந்த கல்லூரிப் பையன்களிடம் நான் அடிக்கடி காட்டுவது இதைத்தான். "இது தப்பாக இருந்தால் தோல்விப் பகுதிக்குப் போ" என்று ஒரு இஃப் வரி. அதன் கீழே "கோடூ ஃபெயில்". அதன் கீழே, அச்சு அசலாக அதே போல உள்தள்ளி, இன்னொரு "கோடூ ஃபெயில்". இரண்டாவது வரி யாரோ காப்பி பேஸ்ட் செய்யும்போது தங்கிவிட்டது போல நிற்கிறது. அடைப்புக்குறி போடாத இஃப் என்பதால், முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்குக் கட்டுப்படும். இரண்டாவது எப்போதும் ஓடும். ஓடினால் எங்கே போகும்? தோல்விப் பகுதிக்கு. சரி, தோல்வி என்றுதானே சொல்லும் என்று நினைப்போம். அங்கே போகும்போது பிழை எண்ணில் பூஜ்யம் இருக்கிறது. பூஜ்யம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். கடைசியாகச் செய்ய வேண்டிய கையெழுத்துச் சோதனை நடக்கவே இல்லை. முடிவு மட்டும் "சரி".

இதனால் என்ன ஆகும்? காட்டப்படும் சான்றிதழ் அசலாகவே இருக்கலாம். சான்றிதழில் எல்லோரும் பார்க்கும் ஒரு பொதுச் சாவி இருக்கும், அதற்கு ஜோடியான ரகசியச் சாவி உரியவரிடம் மட்டும் இருக்கும். காட்டுபவரிடம் அந்த ரகசியச் சாவி இருக்கிறதா என்பதைத்தான் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி பார்க்கவில்லை. என் மார்க் ஷீட்டை நீங்கள் கொண்டு போய்க் கொடுத்து என் பெயரில் வேலையில் சேரலாம் என்ற நிலை. ஐபோனுக்கு 21-ஆம் தேதி அப்டேட் வந்துவிட்டது. மேக் கம்ப்யூட்டருக்கு 25-ஆம் தேதிதான் வந்தது. நடுவில் நான்கு நாள், ஓட்டை இருப்பது உலகத்துக்கே தெரியும், மேக்கில் அடைப்பு கிடையாது. எனக்குக் கேட்டால் அந்த நான்கு நாள்தான் அந்த இரண்டாவது வரியை விடப் பெரிய தப்பு.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், 2020 ஜனவரி 14. அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்டில் ஒரு ஓட்டையைச் சொன்னது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. உளவு பார்ப்பவர்களே வந்து "இந்தக் கதவு திறந்திருக்கிறது" என்று சொன்னதால் அப்போது பெரிய பேச்சாக இருந்தது. சாவிகளைக் கணக்குப் போட்டுச் செய்யும் முறைகளில் நீள்வட்ட வளைவு என்று ஒன்று. அந்த முறையில் ஒரு பொதுச் சாவியை அடையாளம் காண, சாவியின் எண் மட்டும் போதாது. எந்த வளைவு, எந்தத் தொடக்கப் புள்ளி என்பதும் சேர்ந்தால்தான் அர்த்தம். விண்டோஸ் 10 எண்ணை மட்டும் ஒப்பிட்டது. தொடக்கப் புள்ளியை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டால், அதே எண் வரும்படி நமக்குத் தெரிந்த ஒரு ரகசியச் சாவியைச் செய்துகொள்ளலாம். பட்டியலில் இருக்கும் ஒரு மூலச் சான்றிதழின் முகத்தையே போட்டுக்கொண்டு வரலாம். விண்டோஸை நம்பியிருந்த குரோம் ஏமாறும். தன் சொந்தச் சரிபார்ப்பு வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் ஏமாறாது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 2020 ஜனவரி 14-தான் விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்த நாள். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அப்போது விண்டோஸ் 7-இல் இருந்தார்கள். மாற்றுங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஓட்டையோ விண்டோஸ் 7-இல் கிடையாது, 10-இல்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்காரர் அதைப் பேப்பரில் படித்துவிட்டு, "பழசுதான் தம்பி நல்லது" என்றார். அந்த வாரத்துக்கு அவர் சொன்னது உண்மை. அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இது வரை சொன்னதெல்லாம் குமாஸ்தாவின் கவனக்குறைவு. கெசட்டட் ஆபீசரின் வீட்டிலிருந்தே முத்திரை வெளியே போய்விட்டால்? நெதர்லாந்தில் சான்றிதழ் கொடுத்துவந்த டிஜிநோட்டார் கம்பெனியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2011-இல் உள்ளே புகுந்தவர்கள் 500-க்கு மேல் போலிச் சான்றிதழ்களைச் செய்துகொண்டார்கள். அதில் ஒன்று கூகுள் தளங்கள் அனைத்துக்குமானது. ஈரானில் அதை வைத்து ஜிமெயிலை நடுவில் உட்கார்ந்து படித்தார்கள். கண்டுபிடித்தது ஈரானில் இருந்த ஒரு சாதாரண ஜிமெயில் பயனர். கூகுள் தளங்களுக்கு இன்னின்ன நிறுவனங்கள்தான் கையெழுத்துப் போடலாம் என்று குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள், அதனால் எச்சரிக்கை வந்தது. அவர் அதை அமுக்கிவிட்டுப் போகாமல் கூகுளிடம் கேட்டார். எல்லா பிரவுசர்களும் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து தூக்கின. செப்டம்பரில் கம்பெனி திவால்.

நம் நாட்டில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2014 ஜூலை 2 அன்று, தன் தளங்களின் பெயரில் இந்தியாவிலிருந்து அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதை கூகுள் கவனித்தது. கொடுத்தது தேசியத் தகவலியல் மையம், அதாவது என்.ஐ.சி. அதற்கு அதிகாரம் கொடுத்த மூலச் சான்றிதழ் நம் நாட்டுச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டு அதிகாரியுடையது. அது மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தது. அதனால் விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரும் குரோமும் அந்தக் கையெழுத்தை நம்பும். கூகுள் தளங்களுக்கு மட்டும், முன்பு சொன்னது போல உள்ளேயே எழுதி வைத்திருந்ததால், குரோம் ஏமாறாது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் இந்திய மூலச் சான்றிதழே இல்லை, அதனால் அது தப்பித்தது. மறுநாளே, ஜூலை 3 அன்று, என்.ஐ.சி.யின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார்கள். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். விசாரணையின் முடிவில், என்.ஐ.சி.யின் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், மொத்தம் நான்கு சான்றிதழ்தான், மூன்று கூகுளுக்கு, ஒன்று யாகூவுக்கு என்று சொன்னார்கள். அந்த நான்கில் இல்லாத சான்றிதழ்களும் எங்களுக்குத் தெரியும், ஆக எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது என்று கூகுள் பதில் எழுதியது. அப்புறம் குரோமில் ஒரு கட்டுப்பாடு வந்தது. இந்திய மூலச் சான்றிதழ் இனி அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி என்று ஏழு தளப் பெயர்களுக்குள் மட்டும் செல்லும்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் பேச்சு எல்லாம் தேர்தலைப் பற்றித்தான். ஜிமெயிலுக்கு அரசு முத்திரையோடு போலிச் சான்றிதழ் ஓடியது என்று டீக்கடையில் யாரும் பேசவில்லை. நானே இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், "அப்படியா" என்றார்கள்.

இதற்கெல்லாம் பதிலாக வந்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, வெளிப்படைப் பதிவேடு. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு கொடுக்கப்படும் எந்தச் சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் ஏறியிருந்தால்தான் குரோம் ஏற்கும். உங்கள் தளத்தின் பெயரில் யார், எப்போது, யாருக்குக் கொடுத்தார்கள் என்று நீங்களே உட்கார்ந்து தேடலாம். பத்திரப் பதிவு ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்க்கக்கூடக் கட்டணம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

ரத்து செய்யும் விஷயம் இன்றும் இடறுகிறது. ஒரு சான்றிதழை ரத்து செய்துவிட்டார்களா என்று பிரவுசர் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால்? பிரவுசர்கள் "சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிடும். நடுவில் உட்கார்ந்திருப்பவன் செய்ய வேண்டியது பதில் வராமல் தடுப்பது மட்டும்தான். குரோம் 2012-லேயே இந்தக் கேள்வியைக் கைவிட்டு, முக்கியமான ரத்துகளைத் தானே பட்டியல் போட்டு அனுப்ப ஆரம்பித்தது. மற்றவை பட்டியலுக்கு வெளியேதான்.

இனி மனிதர்கள் பக்கம் வருகிறேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, குரோமில் வரும் சான்றிதழ் எச்சரிக்கைகளில் 70 சதவீதத்தைப் பயனர்கள் தாண்டிப் போகிறார்கள், ஃபயர்ஃபாக்ஸில் 33 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. அதே மனிதர்கள், அதே இணையம். எச்சரிக்கையை எப்படிக் காட்டுகிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம். அதற்குப் பிறகு குரோம் தன் எச்சரிக்கைப் பக்கத்தையே மாற்றியது. தாண்டிப் போகும் வழியை "அட்வான்ஸ்டு" என்பதற்குள் ஒளித்தது. கடிகாரம் தப்பாக இருந்தால், இப்போது சான்றிதழ் என்ற வார்த்தையை முன்னால் கொண்டு வராமல் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று நேரடியாகச் சொல்கிறது. அந்தப் பிரவுசிங் சென்டர் பெண்ணுக்கு 2013-இல் அப்படி ஒரு வரி வந்திருந்தால் பேட்டரிக்கு அவரே போன் செய்திருப்பார்.

இப்படி ஒரு பக்கம் ஒளித்து வைத்ததை இன்னொரு பக்கம் நாமே தோண்டி எடுத்துக் கொடுக்கிறோம். இம்பீரியல் சாலைப் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு நான் போவதுண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று ஒரு யூ.எஸ்.பி. சாமான் வைத்திருப்பார்கள். கணக்கு தாக்கல் செய்யும்போது பிரவுசரும் அந்த டோக்கனும் பேசிக்கொள்ள, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்ன மென்பொருள் ஓடும். 127.0.0.1 என்ற முகவரியில் அது உட்கார்ந்திருக்கும். அதன் சான்றிதழ் அதுவே போட்டுக்கொண்ட கையெழுத்து. பிரவுசர் சிவப்பு காட்டத்தான் செய்யும். அதனால் வழிகாட்டிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: இந்த முகவரியைத் திறக்கவும், "அட்வான்ஸ்டு" அழுத்தவும், அப்புறம் "புரொசீட்" அழுத்தவும். ஆபீஸில் அதை பிரின்ட் எடுத்து, மானிட்டருக்கு மேலே சுவரில் செலோ டேப்பில் ஒட்டியிருக்கிறார்கள். புரொசீட் என்ற வார்த்தையைச் சுற்றி மஞ்சள் ஹைலைட்டர்.

தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே பேசுவதால் அந்த ஒரு முகவரியில் பெரிய ஆபத்து இல்லை என்று வாதம் செய்யலாம். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு 127.0.0.1-க்கும் வங்கித் தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யார் சொல்லித் தந்தார்கள்? சிவப்புப் பக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். மூன்று பேரும் சுவரைக் காட்டினார்கள். ஒரு பையன், "சார், சில சைட்டுல மட்டும் புரொசீட்டே வராது, அப்ப போன்ல போட்டுக்குவோம்" என்றான். அப்படிப் புரொசீட்டே காட்டாத தளங்கள், என்னிடம் பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் வராதே என்று பிரவுசருக்கு முன்னாலேயே கண்டிப்பாகச் சொல்லி வைத்தவை. வங்கிகள் பல அந்த ரகம். அவன் கண்ணுக்கு அது ஒழுங்காக வேலை செய்யாத சைட்.

சில மென்பொருள்கள் இதை விட ஒரு படி மேலே போய், தன் மூலச் சான்றிதழையே கம்ப்யூட்டரின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். எச்சரிக்கையும் வராது, வேலையும் சுலபம். 2015-இல் லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இப்படித்தான் செய்தது. எல்லா மடிக்கணினியிலும் ஒரே மூலச் சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி. அந்தச் சாவியைப் பூட்டிய பாஸ்வேர்டு, அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்த கம்பெனியின் பெயர், கொமோடியா. சில மணி நேரத்தில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு அந்த மடிக்கணினியோடு காபி கடையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர் உங்கள் வங்கியாகவே நடிக்கலாம். பிரவுசர் பூட்டுப் படம் போட்டுக் காட்டும்.

அந்தப் பூட்டுப் படமும் இப்போது குரோமில் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு புள்ளியும் போட்ட ஒரு படத்தை வைத்துவிட்டார்கள். மோசடித் தளங்களும் சான்றிதழ் வாங்கிக்கொள்கின்றன, பூட்டைப் பார்த்து மக்கள் தளமே நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். சரியான முடிவு. ஆனாலும் பூட்டு இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லும் விழிப்புணர்வு நோட்டீஸ்கள் சுவர்களில் இன்னும் இருக்கின்றன. இல்லாத பூட்டைத் தேடிக்கொண்டு நிற்கும் பெரியவர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த மாற்றம் சான்றிதழின் ஆயுசில். 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. சான்றளிக்கும் நிறுவனங்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த கூட்டமைப்பு 2025 ஏப்ரலில் வாக்கெடுத்து அதைப் படிப்படியாகக் குறைத்தது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ரத்து செய்யும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்யாததால், தப்பான சான்றிதழ் தானாகவே சீக்கிரம் காலாவதியாகட்டும் என்ற எண்ணம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இதன் அடி முதலில் விழப்போவது கையால் புதுப்பிப்பவர்கள் தலையில்தான். அவர்கள் மறந்தால் சிவப்புப் பக்கம். சிவப்புப் பக்கம் வந்தால் சுவரில் இன்னொரு பிரின்ட் அவுட்.

புதுச்சேரியில், லாசுப்பேட்டை பக்கம் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் ஆபீஸில் சான்றிதழ் புதுப்பிப்பது என்றால் முதலில் நோட் போட வேண்டும், மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், ஃபைல் இரண்டு மேசை ஏறி இறங்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதம்.

"நாப்பத்தேழு நாளா? ஃபைல் திரும்பி வர்றதுக்குள்ள சர்டிஃபிகேட் செத்துடுமே."

இலவசமாகக் கொடுக்கும் இடம் இருக்கிறது, லெட்ஸ் என்க்ரிப்ட் என்று பெயர், 2015-இலிருந்து நடக்கிறது, சர்வரில் ஒரு நிரலைப் போட்டுவிட்டால் ஆள் தொடாமல் அதுவே புதுப்பித்துக்கொள்ளும் என்றேன். பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை, பிரவுசருக்கு எல்லாம் ஒன்றுதான் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிப்பா. இலவசம்னா ஃபைல்ல அதை எந்த ஹெட்ல காட்டுறது?"